பிளாஸ்மா இயந்திரத்தில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்வது எப்படி?

சிங்கப்பூரில் மருத்துவமனைக் கிருமி நீக்கப் பிரிவில் புதிதாகச் சேரும் நம்மவர்கள் ஆட்டோகிளேவை (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) ஓரிரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். பிளாஸ்மா இயந்திரத்தின் முன்னால்தான் தயங்கி நிற்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவிகளைக் கழுவும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

134 டிகிரி நீராவியைத் தாங்காத கேமரா, கேபிள், பிளாஸ்டிக் பாகங்களுக்குத்தான் இந்த இயந்திரம். உள்ளே வெப்பம் சுமார் 50 டிகிரி. இயந்திரம் தன் உள்ளறையிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடை ஆவியாக உள்ளே விடும். கிருமிகளைக் கொல்வதில் பெரும்பங்கு இந்த ஆவிக்குத்தான். பிறகு மின்புலத்தில் அது பிளாஸ்மாவாக, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவாக மாறி, கடைசியில் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துபோகும். கிருமி நீக்கப் பயன்படும் இன்னொரு வாயுவான எத்திலீன் ஆக்சைடு போல மணிக்கணக்கில் காற்றோட்டத்தில் வைக்க வேண்டியதில்லை.

முதல் வேலை, உலர்த்துவது. இயந்திரம் பாதியில் நின்றால் பெரும்பாலும் காரணம் ஈரம்தான். எங்கள் பிரிவில் ஒரு சமயம் அடிக்கடி நின்றது. பொறியாளர் வந்து பார்த்தார், இயந்திரத்தில் குறையில்லை. உறிஞ்சுகுழாய் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோதுதான் உட்சுவரில் ஒட்டியிருந்த நீர்த்துளிகள் தெரிந்தன. வெளிப்புறம் பளிச்சென்று காய்ந்திருந்தது. வெற்றிடத்தில் அந்த நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அழுத்தம் இறங்காது. சில நேரம் குளிர்ந்து பனிக்கட்டியாகிக் குழாயையே அடைத்துவிடும். ஆவி உள்ளே போக வழியிருக்காது. அதனால் துணியால் துடைத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு துளையிலும் மருத்துவத் தரக் காற்றைப் பீய்ச்சுங்கள். சிரிஞ்சால் ஊதுவது எனக்குப் பிடிக்காது, நீளக் குழாயில் அந்த வேகம் போதாது. மூட்டுள்ள கருவிகளைத் திறந்து வைத்து ஊதுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், தானாகக் காயும் என்று காத்திருப்பது வீண்.

அடுத்து, பொதி. டைவெக் (பிளாஸ்டிக் இழைத் தாள்) பை அல்லது பாலிபுரோப்பிலீன் உறை மட்டும். காகிதம், பருத்தித் துணி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி எதுவும் கூடாது. அவை பெராக்சைடை உறிஞ்சிவிடும். தனிக் கருவிக்கு நான் டைவெக் பையைத்தான் எடுப்பேன், ஒரு பக்கம் உள்ளே இருப்பது தெரியும். காகிதப் பைக்கு வைக்கும் சூட்டிலேயே டைவெக்கை ஒட்டினால் சுருங்கிவிடும், சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அடுக்குவது. பைகளை ஒரே திசை பார்க்க, இடைவெளி விட்டு நிறுத்துங்கள். எதுவும் அறையின் சுவரைத் தொடக்கூடாது. குழாய் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் வரை போகலாம் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கையேட்டைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

சுழற்சி முடிந்ததும் அச்சுத்தாளைப் படித்து, இண்டிகேட்டர் பட்டையின் நிறத்தைப் பாருங்கள். நிறம் மாறியது ஆவி அங்கே போனதை மட்டுமே சொல்லும். கிருமி செத்ததா என்று அறிய ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொண்ட சோதனைக் குப்பி வேண்டும். நாளுக்கு ஒருமுறையாவது அதை வையுங்கள்.

பின்சேர்க்கை: "எல்லாம் காய்ந்திருக்கிறது, ஆனாலும் நிற்கிறது" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தட்டுக்குள் கருவிப் பட்டியல் தாள் இருந்திருக்கிறது. அதை வெளியே எடுத்ததும் சரியாகிவிட்டது.

இன்னொன்று, பாதியில் நின்ற சுமையை வெறுங்கையால் தொடாதீர்கள். பொதியின்மேல் பெராக்சைடு தங்கியிருக்கலாம், பட்ட இடம் வெளுத்து எரியும். கையுறை போட்டு எடுங்கள். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அந்தக் கருவிகளைப் பிரித்து, மறுபடி உலர்த்தி, புதுப் பையில் போட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.