வீட்டில் கேட்டமரான் கட்டுபவர்கள் சறுக்கும் இடங்கள்

நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேட்டமரான்’ ஆனது. போன இடத்தில் பொருள் மாறி, ஒல்லியான இரண்டு ஹல்களை (மிதக்கும் படகு உடல்களை) குறுக்குச் சட்டங்களால் இணைத்த படகுக்குப் பெயராகிவிட்டது. ஜேம்ஸ் வார்ரம் வடிவமைத்த டீக்கி 21 போன்ற சிறிய பயணப் படகுகளை வீட்டுக் கொட்டகையிலேயே பிளைவுட்டும் எபாக்ஸியும் (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) கொண்டு கட்டலாம். அதிகம் சறுக்குவது எடையிலும் எபாக்ஸியிலும்தான்.

முதல் தவறு மரக்கடையிலேயே நடக்கிறது. ‘மெரைன் பிளை’ என்று கேட்டால் கிடைப்பது பல நேரம் கனமான கர்ஜன் மரப் பலகை. 8×4 அடி, 6 மி.மீ. பலகை லேசான ஒக்குமே மரத்தில் சுமார் 9 கிலோ. கனமான மரத்தில் 13 கிலோவைத் தாண்டும். 25 பலகை என்றால் 100 கிலோவுக்கு மேல் வித்தியாசம். 6 மீட்டர் நீளமும் நீர்மட்டத்தில் 70 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு ஹல்கள் ஒரு செ.மீ. அமிழ ஏறத்தாழ 60 கிலோ போதும். ஆக, ஆள் ஏறும் முன்பே கிட்டத்தட்ட 2 செ.மீ. போய்விட்டது. பிறகு ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, கூடுதல் தண்ணீர் கேன் என்று சேர்ந்துகொண்டே போகும். தவிர்க்க முடியாத பாரத்தை நடுவில் வையுங்கள். நங்கூரச் சங்கிலியை மூக்கில் குவித்தால் படகு அலையில் தலையை நுழைக்கும்.

எபாக்ஸி விஷயத்தில், பாலியெஸ்டர் ரெசினில் பழகிய கைதான் அதிகம் ஏமாறும். அங்கே சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டலாம். இங்கே ஹார்டனரைக் கூட்டினால் வேகம் கூடாது, மிச்சம் உள்ளேயே தங்கி ரப்பராக நிற்கும். டப்பாவில் 2:1 என்று போட்டிருந்தால் அது கன அளவா எடையா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. கலந்த அரை லிட்டரைக் குவளையிலேயே விட்டால் தன் சூட்டிலேயே புகையும். அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் நேரம் கிடைக்கும்.

இறுகிய பூச்சின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். மெழுகு தடவியது போல் வழுக்கினால் அது காற்றின் ஈரத்தால் வரும் படலம். கடற்கரை ஊர்களில் சாதாரணம். உப்புத்தாளை உடனே போட்டால் படலம் போகாது, இழுபட்டுப் பரவும். அடுத்த பூச்சு பிடிக்காமல் உரியும். முதலில் வெறும் தண்ணீரும் பச்சை ஸ்கிரப்பரும், நன்றாகத் துடைத்த பிறகே உப்புத்தாள். காலை வெயில் ஏறும்போது வெறும் மரத்தில் பூசவே கூடாது. மரத்துக்குள் காற்று விரிந்து ஊசிமுனைக் குமிழிகள் வரும். மரம் குளிரத் தொடங்கும் பிற்பகலே சரி.

பிளைவுட் அழுகுவது பெரும்பாலும் போல்ட் துளையில் தொடங்கும். 8 மி.மீ. போல்ட்டுக்கு 14 மி.மீ. துளை போட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் 8 மி.மீ. துளையுங்கள். வேலை இரட்டிப்பு, ஆனால் தண்ணீர் மரத்தைத் தொடாது. வெட்டிய ஓரங்களுக்கு மூன்று பூச்சு.

டீக்கி படகுகளில் குறுக்குச் சட்டங்களைக் கயிற்றால்தான் கட்டுவார்கள். அதை ‘உறுதியாக்குகிறேன்’ என்று போல்ட் போட்டால் அலையின் முறுக்கு முழுதும் அந்தத் துளைகளில் விழும். நைலான் கயிறும் வேண்டாம், நனைந்தால் நெகிழும், பாலியெஸ்டர் கயிறு. கட்டும் முன் இரண்டு ஹல்களுக்கும் மூலைக்கு மூலை அளந்து, இரண்டு அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வயரிங்கில் மெல்லிய வயர்தான் வழக்கமான கஞ்சத்தனம். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், பேட்டரியிலிருந்து 10 மீட்டர்: 2.5 ச.மி.மீ. வயரில் போக வர 0.7 வோல்ட் இழப்பு, 6 ச.மி.மீ.யில் 0.3. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

கடைசியாக நிறம். வெயிலில் கருநீல டெக் கொதிக்கும். வீட்டில் இறுகிய எபாக்ஸி 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். வெள்ளை அடியுங்கள்.