பழைய கிராபிக்ஸ் கார்டிலும் கணினி விளையாட்டு சீராக ஓட

2016-இல் வெளிவந்த என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற, கணினித் திரையில் படங்களை வரையும் கார்டைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ இன்னும் வைத்திருப்பவர்கள், புதிய விளையாட்டு திக்கித் திணறினால் எல்லா அமைப்புகளையும் ஒரேயடியாகக் குறைத்துவிட வேண்டாம். முதலில் நிழல்களின் தரத்தைக் குறையுங்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத இந்த ஒரு மாற்றமே பல விளையாட்டுகளில் வேகத்தைக் கூட்டும். டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரம், பெரும்பாலும் கார்டின் நினைவகத்தைப் பொறுத்தது என்பதால், 4 ஜிபி உள்ளவர்கள் அதை நடுத்தரத்தில் வைத்துப் பார்க்கலாம். 2 ஜிபி மட்டுமே இருந்தால் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் விட்டுவிட்டு நிற்கும்.

அப்படியும் போதவில்லையெனில், 1920×1080 என்றிருக்கும் திரைத் தெளிவை 1600×900 ஆக்கினால், கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகின்றன. ஆனால் குறைந்த தெளிவில் வரைந்த படத்தைத் திரையளவுக்குப் பெரிதாக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எஸ்ஆர் வசதி விளையாட்டிலேயே இருந்தால் அதை முதலில் முயல்வது நல்லது. என்விடியாவின் இதே போன்ற வசதியான டிஎல்எஸ்எஸ், அந்நிறுவனத்தின் புதிய வகையான ஆர்டிஎக்ஸ் கார்டைக் கேட்கும்; எஃப்எஸ்ஆரின் 1 முதல் 3 வரையிலான பதிப்புகளோ என்விடியாவின் பழைய கார்டுகளிலும் இயங்கும். படம் சற்று மங்கும். என் கண்ணுக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்கதே.

டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில், விசிறியில் படிந்த தூசி கார்டைச் சூடேற்றி, அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படி செய்துவிடும். ஆகவே கணினியை அணைத்து, மின்இணைப்பைத் துண்டித்து, மென்மையான தூரிகையால் தூசியைத் துடையுங்கள். பிறகு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில், கார்டு நொடிக்கு வரையும் ஃபிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கையை 30-க்குக் கட்டுப்படுத்தினால், ஓட்டம் சீராவதோடு சூடும் தணியும்.