வெறும் ‘நியூகாசில்’ என்று இருந்தால் அது எந்த ஊர்? கண்டுபிடிக்கும் முறை

‘நியூகாசில்’ என்றால் புதுக்கோட்டை, அவ்வளவுதான். நம்மூரில் மாவட்டத் தலைநகர் ஒரு புதுக்கோட்டை, தூத்துக்குடிப் பக்கம் இன்னொன்று இருப்பதைப் போல, ஆங்கிலம் போன இடமெல்லாம் இந்தப் பெயர் இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது ஊரை மாற்றி எழுதிவிட்டால் பத்தி முழுக்கத் தப்பாகிவிடும்.

படி 1: வால் இருக்கிறதா பாருங்கள். ‘அபான் டைன்’ என்றால் வடகிழக்கு இங்கிலாந்து. 1080இல் கட்டிய கோட்டையால் வந்த பெயர். ‘அண்டர் லைம்’ என்றால் ஸ்டாஃபர்ட்ஷயர். இந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது, ஸ்டோக்கில்தான் இறங்க வேண்டும். வாலைக் கவனிக்காமல் ‘நியூகாசில்’ என்று டிக்கெட் எடுத்தால் 200 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய் நிற்க நேரும்.

படி 2: குறியீட்டைத் தேடுங்கள். விமானச் சீட்டில் என்.சி.எல். என்றால் டைன் நதிக்கரை, என்.டி.எல். (NTL) என்றால் ஆஸ்திரேலியா. அஞ்சல் குறியீடு என்.இ. என்று தொடங்கினால் டைன், எஸ்.டி. 5 (ST5) என்றால் லைம், 2300 என்றால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ்.

பல்கலைக்கழகம் என்றால் கூடுதல் கவனம் தேவை. ‘நியூகாசில் யுனிவர்சிட்டி’ இங்கிலாந்தில் இருப்பது, ‘யுனிவர்சிட்டி ஆஃப் நியூகாசில்’ ஆஸ்திரேலியாவில் இருப்பது. தமிழில் இரண்டுமே ‘நியூகாசில் பல்கலைக்கழகம்’ ஆகிவிடும், அதனால் நாட்டின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 3: நிலக்கரியை நம்பாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். ‘நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது’ என்ற ஆங்கிலப் பழமொழியில் வருவது டைன் நதிக்கரை ஊர். அதைக் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்று எழுதிவிடலாம், ஊர்ப்பெயரே வேண்டாம். ஆனால் இன்றைய வணிகச் செய்தியில் ‘நியூகாசில் நிலக்கரி விலை, டன்னுக்கு இத்தனை டாலர்’ என்று வந்தால் அது ஆஸ்திரேலியத் துறைமுகம்.

நிலக்கரி ஊர்களில் மூன்றாவதாக, தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்திலும் ஒரு நியூகாசில் உண்டு. அதுவும் சுரங்க ஊர்தான். பெயர் மட்டும் கோட்டையால் வந்ததல்ல: 1864இல் பிரிட்டிஷ் காலனி அமைச்சராக இருந்த நியூகாசில் பிரபுவின் நினைவாக வைத்தது. தமிழர்கள் மறக்கக்கூடாத நியூகாசில் இதுதான். 1913 அக்டோபரில், காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், இங்கே வந்து சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள் மீது போட்ட தலைக்கு 3 பவுண்டு வரியை எதிர்த்து அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். காந்தியின் பெரும் நடைப்பயணம் அதிலிருந்துதான் பிறந்தது. காந்தி பற்றிய கட்டுரையில் இந்த ஊர்ப்பெயருக்கு இங்கிலாந்துப் பக்கத்தை இணைப்பாகக் கொடுத்தால், அந்தப் பெண்கள் நடந்த மண்ணையே மாற்றிவிட்டோம் என்று பொருள்.

படி 4: ஆண்டைச் சரிபாருங்கள். ‘நியூகாசில் நிலநடுக்கம், 1989’ என்றால் ஆஸ்திரேலியா; டிசம்பர் 28 அன்று 13 பேர் இறந்தார்கள்.

படி 5: ஊரே இல்லாத நியூகாசில். ‘நியூகாசில் நோய்’ கோழிக்கு வருவது. 1926இல் டைன் நதிக்கரையில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். இந்தியாவில் அதையே ராணிக்கெட் என்பார்கள். கோழி வளர்ப்பவர்களுக்காக எழுதினால் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்றே போடுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும் கோழியைப் பார்த்தவருக்கு அந்தச் சொல்தான் உடனே புரியும்.