கொடைக்கானல் கூரையிலிருந்து அயனிமண்டலக் குமிழிகளைப் பதிவது எப்படி

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். நம் பக்கத்தில் குமிழிப் பருவம் இரண்டு: மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர். இந்தியாவில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால், சம இரவு நாட்களை ஒட்டித்தான் பகலையும் இரவையும் பிரிக்கும் அந்தி எல்லை, வடக்கு-தெற்காக ஓடும் காந்தப்புலக் கோட்டுக்கு இணையாக விழுகிறது. அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் அயனிமண்டலத்தின் கீழடுக்கு ஒருசேர இருட்டும்போது கிழக்கு நோக்கிய மின்புலம் எகிறி, மேலடுக்கான எஃப் அடுக்கை இன்னும் மேலே தூக்குகிறது. அதன் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு) குமிழிகளாகக் கிளம்புகிறது. அவற்றைக் கடந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் மினுங்கும்; அந்த மினுக்கத்தைத்தான் பதியப் போகிறோம். ஜூன், ஜூலையில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சூரியச் சுழற்சியும் முக்கியம். குறிஞ்சி பூத்த 2018-இல் சூரியன் ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது. அந்த ஆண்டுப் பதிவை வைத்து 2024-ஐ எடை போடக் கூடாது. குறிஞ்சிக்கு 12 ஆண்டு, சூரியனுக்குச் சுமார் 11; இரண்டும் சேர்ந்தே நடப்பதில்லை.

இரவில் ஏழு மணிக்கே பதிவைத் தொடங்குங்கள். தரையில் சூரியன் மறைந்தும் 300 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயில் இருக்கும். குமிழிகள் பெரும்பாலும் ஏழரை, எட்டுக்குமேல் ஆரம்பித்து நள்ளிரவை ஒட்டி அடங்கும். கடிகாரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே வையுங்கள்: அங்கே தேதி மாறுவது நம் காலை 5.30-க்கு என்பதால் ஓர் இரவு முழுதும் ஒரே கோப்பில் அடங்கும்.

கருவி எளியதுதான். என்எம்இஏ என்ற பொது வடிவில் எழுத்து வரிகள் தரும் ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று, சுமார் 15 சென்டிமீட்டர் இரும்புத் தகட்டின் நடுவில் வைத்த ஆன்டெனா, பதிவு செய்ய ஒரு சிறு கணினி. சீரியல் வேகத்தை 115200-க்கு மாற்றுங்கள். 9600-இல் நொடிக்கு 960 எழுத்துதான் போகும், செயற்கைக்கோள்கள் கூடினால் வரிகள் விடுபடும். கோள்களின் விவரம் தரும் ஜிஎஸ்வி வரியிலுள்ள சிக்னல் அளவு டெசிபெலில் வரும். அதை அப்படியே கணக்கில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எண்ணை 10-ஆல் வகுத்து, 10-இன் அடுக்காக உயர்த்தி, 60 நொடி மதிப்புகளின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் மினுக்கத்தின் அளவான எஸ்4 கிடைக்கும். முழு டெசிபெலாக வட்டமாக்குவதாலேயே 0.07 அளவுக்குப் பொய்யாக ஏறும் என்பதால், 0.25-க்குக் கீழே எதையும் நம்பாதீர்கள்.

அதற்கு மேலே ஏறியதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். மலையில் பாதி மினுக்கம் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையும் நனைந்த தைலமரமும் தருவது. தொடுவானத்திலிருந்து 30 பாகைக்குக் கீழுள்ள கோள்களை ஒதுக்குங்கள். பிறகு ஒரே ஜிபிஎஸ் கோளை அடுத்தடுத்த நாட்களில் ஒப்பிடுங்கள். தினமும் 4 நிமிடம் முன்னதாக, அதே இடத்தில் அதே குழி விழுந்தால் அது கூரை. குமிழிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ரஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ கோள்கள் தினமும் அதே தடத்தில் வராததால் இந்தச் சோதனைக்கு உதவாது.

இன்னும் நல்ல சாட்சி, ஜிபிஎஸ்ஸுக்குத் திருத்தம் அனுப்பும் இந்தியாவின் ககன் அமைப்பு. அந்தக் கோள்கள் வானில் அசையாமல் நிற்பவை. 127, 128 எண்ணுள்ளவை ஜிஎஸ்வி வரியில் 40, 41 என்று வரும். முன்னிரவில் குமிழிகள் நொடிக்கு 100 முதல் 150 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்வதால், மேற்கில் நிற்கும் 40-இல் முதலில் ஆட்டம் தெரிந்து, சுமார் அரைமணி கழித்து உச்சியை ஒட்டிய 41-இல் தெரிய வேண்டும். ஆனால் நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஜிபிஎஸ் அலைவரிசையில் மினுக்கம் மிதமாகவே இருக்கும். பலமானது அகமதாபாத், கொல்கத்தா அட்சத்தில். வடபக்கக் கோள்களையும் விடாமல் பாருங்கள்.

காந்தப் புயல் நாட்களைத் தனியே குறித்து வையுங்கள். சில புயல்கள் குமிழியைக் கிளப்பும், சில அடக்கும்.

கடைசியாக இடி. ஏப்ரலும் அக்டோபரும் மலையில் இடி மாதங்கள். மின்னல் நெருங்கினால் ஆன்டெனா கேபிளைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றிய நேரத்தையும் திரும்ப மாட்டிய நேரத்தையும் எழுதி வையுங்கள். இல்லையேல் வெற்றுப் பதிவு அமைதியான இரவாகக் கணக்கில் ஏறிவிடும்.