மலையில் ஓராண்டு டைம்லாப்ஸ்: பெட்டியை இறுக்கி மூடினால் போதுமா?

பேட்டரி தீர்வதும் கார்டு நிறைவதும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். டைம்லாப்ஸ் என்றால் இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓட்டும் வீடியோ. அதற்காக ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஓராண்டு கேமராவைப் பெட்டிக்குள் வைத்து வெளியே விடுபவர்களைக் கவிழ்ப்பது வேறு: பெட்டிக்குள் இருக்கும் ஈரம்.

"காற்றுப்புகாமல் மூடிட்டேன்"

புதியவர்கள் பெருமையாகச் சொல்வது இது. கேட்டாலே எரிச்சல் வரும். ரப்பர் வளையம் மழையைத் தடுக்கும். மூடும்போதே உள்ளே இருந்த ஈரத்தை என்ன செய்யும்? பனிமூட்டத்தில் நின்றபடி 15 டிகிரியில் மூடிய 10 லிட்டர் பெட்டிக்குள் சுமார் 0.13 கிராம் நீராவி இருக்கும். இரவு 5 டிகிரிக்கு இறங்கினால் காற்றில் நிற்பது அதில் பாதிதான். மீதி முன்கண்ணாடியில் படியும். விடியல் படமெல்லாம் பால் வெள்ளை. அந்த ஒளிக்காகத்தானே கேமராவையே வைத்தோம்!

இதோடு முடியாது. பகல் வெயிலில் உள்காற்று விரிந்து வெளியேறும். இரவில் சுருங்கி, ஒயர் துளை வழியே ஈரக்காற்றை உறிஞ்சும். முதல் மாதம் தெளிவாக இருந்த படம் மூன்றாம் மாதம் மங்குவது இதனால்தான். துளையை அடைக்கும் சிலிக்கோன் பசையை மேலும் மேலும் அப்பிப் பயனில்லை.

பெட்டியை வீட்டுக்குள், உலர்ந்த அறையில் மூடுங்கள். ஈரத்தை உறிஞ்சும், 100 கிராம் நிறம்மாறும் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் மழைக்காலம் ஜூனில் தொடங்கும். கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர்தான் கனமழை. கண்ணாடியின் உள்விளிம்பில் 150 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை ஒட்டி 12 வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ 1 வாட் சூடு, கண்ணாடியில் ஈரம் படியாமல் இருக்க. இரவு பத்து மணி நேரத்துக்கு 10 வாட்-மணி. பேட்டரிக் கணக்கில் மறக்காமல் சேருங்கள். ஒயர் துளை பெட்டியின் அடியில் இருக்கட்டும். ஒயர் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையட்டும்; வழியும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

சோலார்

பேனலில் எழுதிய வாட்டை நம்பாதீர்கள். அடர்ந்த மூட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் இறங்கும். ஐந்து நாள் வெயிலே இல்லாமல் ஓடும் பேட்டரி வேண்டும்.

"வடக்கு பார்த்து வைத்தால் வெயில் படாது"

அது வடநாட்டுக் கணக்கு. இங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கண்ணாடிக்கு மேல் கூரைத்தகடு கட்டாயம்.

முக்காலி

வேண்டாம். கான்கிரீட்டில் நட்ட இரும்புக் கம்பம். காட்டெருமை வந்து உரசும்.

இடைவெளி

காலை 6 முதல் மாலை 6 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு படம்: நாளுக்கு 72, ஆண்டுக்கு 26,280. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் பதினேழரை நிமிடம். அதிகம்தான், ஆனால் மூட்டத்தில் போவது போக மிஞ்சுவதுதான் படம்.

குறிஞ்சி

2018இல் பூத்தது, அடுத்தது 2030. பூத்த செய்தி கேட்டுக் கம்பம் நட ஓடினால், பச்சைச் சரிவு நீலமாவது கிடைக்காது. வனத்துறை அனுமதிக்கு அதற்கு முன்பே அலைய வேண்டும்.