செய்துகாட்டி விற்பது எப்படி: ரான் போப்பீல் காட்டிய வழி

சமையலறைச் சாமான் விற்பவர்கள் இன்று ரீல்ஸிலும் யூடியூபிலும் செய்வதை அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனையாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு தேர்ந்த கலையாக ஆக்கிவிட்டார்கள். அவர்களில் முதலில் படிக்க வேண்டியவர் ரான் போப்பீல் (1935–2021). சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையிலும் வுல்வொர்த் என்ற பல்பொருள் கடையிலும் நின்றபடி விற்றுப் பழகியவர். அவருடைய தந்தை சாமுவேல் உருவாக்கிய சாப்-ஓ-மேட்டிக் என்ற கைக்கருவி காய்கறியை நறுக்கிய வேகத்துக்கு, நாள் முழுக்கச் செய்துகாட்டத் தேவையான காய்கறியைச் சுமந்து மாளவில்லை. ஒருமுறை படம்பிடித்து ஒளிபரப்பிவிடலாமே என்ற யோசனை அப்படி வந்ததுதான். 1984இல் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் நீக்கியதும், இரண்டு நிமிட விளம்பரம் இருபத்தெட்டரை நிமிட நிகழ்ச்சியாக வளர்ந்தது. நீளம் மாறினாலும் உள்ளே இருந்தது தெருவில் நின்று விற்றவர்களின் அதே முறை.

அந்த முறையில், கயிறு இழுக்கும் சாப்பர் ஒன்றை இரண்டு நிமிட வீடியோவில் விற்பதாக வைத்துக்கொள்வோம்.

பொருள் தாங்குமா?

பொருள் வேலை செய்வது பத்து விநாடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாப்பரில் தெரியும், தண்ணீர் வடிகட்டியில் தெரியாது. போப்பீல் 1998இல் கொண்டுவந்த ஷோடைம் ரொட்டிசெரி அடுப்பில் கோழி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுழன்றுகொண்டே வேகும். வேகும் காட்சியே விற்பனைப் பேச்சாகிவிடும்.

அடுத்து விலை. கைக்கு வந்துசேர நூறு ரூபாய் ஆகும் பொருளை நானூறு, ஐந்நூறுக்கு விற்க முடியாவிட்டால் இந்த வழியில் இறங்காதீர்கள். விளம்பரச் செலவு, கூரியர், வாங்காமல் திரும்பி வரும் கேஷ் ஆன் டெலிவரி பார்சல் எல்லாம் அந்த இடைவெளியிலிருந்துதான் போக வேண்டும்.

முதல் பத்து விநாடி

கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் ஒருவர் தடுமாறுவதைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவது பழைய வழக்கம். அதை விட்டுவிடுங்கள், பார்ப்பவர் நம்ப மாட்டார். முழு வெங்காயத்தைக் கையில் எடுத்துக் காட்டி, “பிரியாணிக்கு அரை கிலோ வெங்காயம் நறுக்கணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டாலே போதும். வணக்கம், சேனல் பெயர், கம்பெனி வரலாறு எதுவும் இங்கே வேண்டாம்.

செய்துகாட்டும் ஐம்பது விநாடி

முழு வீடியோவும் இந்தப் பகுதியை நம்பித்தான் நிற்கிறது. வெங்காயம் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் போவதிலிருந்து பலகையில் கொட்டுவது வரை ஒரே ஷாட்டில் எடுங்கள். நடுவில் வெட்டு விழுந்தால் ‘ஏதோ மாத்திட்டாங்க’ என்ற சந்தேகம் வந்துவிடும்.

நடுத்தர அளவு பெரிய வெங்காயம் ஒன்றை நான்காக வெட்டிப் போடுங்கள். கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரப்பினால் பிளேடு சிக்கிக் கயிறு பாதியில் நின்றுவிடும். இந்த வகைச் செய்துகாட்டல் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். கழுவிய வெங்காயத்தைத் துடைக்காமல் போட்டால் துண்டாகாமல் கூழாகும். கயிற்றை மேல்நோக்கி இழுத்தால் மூடி கூடவே எழும்பும். ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்து, மறுகையால் கிடைமட்டமாகச் சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். ஐந்தாறு இழுப்பில் நிறுத்திப் பெரிய துண்டுகளைக் காட்டுங்கள். பிறகு இன்னும் பத்து இழுத்துப் பொடியாக்கிக் காட்டுங்கள். கேரட் போட்டால் ஓர் அங்குலத் துண்டுகளாக இருக்கட்டும். முழுசாகப் போட்டால் பிளேடு நின்றுவிடும்.

வெள்ளைப் பலகையில் வெங்காயம் எடுபடாது, அடர்பச்சை அல்லது கறுப்புப் பலகை வையுங்கள். கேமரா கைக்கு நேர் மேலே வேண்டாம், சற்றுச் சாய்வாக இருந்தால்தான் பிளேடு சுழல்வது தெரியும். மின்விசிறியை நிறுத்துங்கள். வெங்காயம் நறுக்குப்படும் அந்த மொறுமொறுச் சத்தம் உங்கள் பேச்சைவிட நன்றாக விற்கும்.

வாய் கையைவிட அரை அடி முன்னால் போக வேண்டும். “இப்போ அஞ்சே இழுப்பு” என்று சொல்லிவிட்டு இழுத்தால் பார்ப்பவரும் கூடவே எண்ணுவார். இழுத்த பிறகு சொன்னால் அது வெறும் வர்ணனை.

பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, வாங்குபவர் மனதில் எழும் கேள்விகளை அவரைக் கேட்கச் சொல்லுங்கள். “கழுவுறது கஷ்டமா இருக்குமே?” உடனே பிளேடைக் கழற்றிக் குழாயடியில் காட்டிவிட வேண்டும். அதே கேள்வியை வாங்குபவர் பிறகு கமெண்டில் கேட்கும்போது பதில் தாமதமாகிவிடும்.

அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனையாளர் பில்லி மேஸைப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். அவர் அட்லாண்டிக் சிட்டியின் கடற்கரை நடைபாதையில் கூட்டத்தை இழுத்துப் பழகிய குரல்காரர். காதில் இயர்போன் மாட்டியிருப்பவருக்கு அந்தச் சத்தம் தேவையில்லை.

திருப்பம்

செய்துகாட்டுவதிலிருந்து காசு கேட்பதற்குத் திரும்பும் அந்தக் கணத்தில்தான் தேர்ந்த ஆள் யார் என்று தெரியும். 1978இல் வந்த கின்சு கத்தி விளம்பரத்தின் வரிசையைக் கவனியுங்கள். கத்தி முதலில் தகரக் குவளையை அறுக்கும். பிறகு அதே கத்தி தக்காளியை மெல்லிசாகச் சீவும். முதலில் உறுதி, அடுத்து நுணுக்கம். ஆச்சரியம் அடங்குவதற்குள் “இருங்க, இன்னும் இருக்கு” என்று அடுத்த பொருள் சேரும்.

உங்கள் வீடியோவில் பொடியான வெங்காயம் பலகையில் விழும் நொடியே திரும்ப வேண்டிய இடம். இன்னொரு காயை நறுக்கிக் காட்டலாம் என்று தோன்றும். வேண்டாம், சூடு ஆறிவிடும்.

விலையை இறக்கிச் சொல்லும்போது மேலே இருக்கும் எண் உண்மையாக இருக்கட்டும். கடையில் நிஜமாகவே ₹799க்கு விற்கும் சாமானோடு ஒப்பிடுங்கள், இல்லாத பழைய விலையைக் கற்பனை செய்து கோடு போட்டு அடிக்காதீர்கள். போப்பீல் அந்த ஷோடைம் அடுப்பை “39.95 டாலர் வீதம் நான்கு தவணை” என்று விற்றார். மொத்தம் 159.80 டாலர். சின்ன எண் காதில் விழுந்தாலும் கணக்கு மறைக்கப்படவில்லை.

செய்துகாட்டலில் ஜோடனை கூடவே கூடாது. ரேப்பிட் ஷேவ் என்ற சவர கிரீமின் விளம்பரத்தில் உப்புத்தாளைச் சவரம் செய்வதாகக் காட்டியது, உண்மையில் மணல் தூவிய பிளெக்ஸிகிளாஸ் என்ற பிளாஸ்டிக் தகடு. 1965இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏமாற்று என்றே தீர்ப்பளித்தது. இங்கே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

கடைசி இருபது விநாடி

விலையும் வாட்ஸ்அப் எண்ணும் குறைந்தது பதினைந்து விநாடி திரையில் நிற்கட்டும், வாயாலும் இரண்டு முறை சொல்லுங்கள். டெலிவரிக்கு எத்தனை நாள், பிளேடு உடைந்தால் மாற்றித் தருவீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். வெளியிட்ட பிறகு, பார்த்தவர்கள் எந்த விநாடியில் வெளியேறினார்கள் என்பதை யூடியூப் ஸ்டுடியோவில் பாருங்கள். பத்து விநாடிக்குள் போயிருந்தால் தொடக்கத்தை மட்டும் மாற்றி எடுங்கள். கடைசி வரை பார்த்தும் ஆர்டர் வரவில்லை என்றால் திருப்பத்தையோ விலையையோ மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.