பற்சக்கர ரயிலுக்குக் குவீன்ஸ்டவுனில் ஏறுங்கள்
டாஸ்மேனியாவின் மேற்குப் பகுதியில், மவுண்ட் லயல் சுரங்கத்துச் செம்பைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல அமைக்கப்பட்டு, 1963இல் மூடப்பட்டு, பின்னர் சீரமைக்கப்பட்ட வெஸ்ட் கோஸ்ட் வைல்டர்னஸ் ரயில்வேயில் செல்ல விரும்புவோர், குவீன்ஸ்டவுனில் ஏறுவதா ஸ்ட்ரானில் ஏறுவதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். 16 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்துள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறும் பகுதி குவீன்ஸ்டவுன் பக்கத்தில்தான் உள்ளது. என்னைக் கேட்டால் அதையே பரிந்துரைப்பேன். ஸ்ட்ரான் பக்கத்துப் பாதை கிங் ஆற்றையும் மழைக்காட்டையும் ஒட்டிச் செல்வது. உருக்காலைப் புகையாலும் மரவெட்டாலும் மொட்டையான குன்றுகளைக் காண, குவீன்ஸ்டவுனில் சிறிது நேரம் ஒதுக்குங்கள். கோடையிலும் மழை பெய்யும் பகுதி என்பதால் மழைச்சட்டை அவசியம். ரயில் எல்லா நாள்களிலும் ஓடாததால், பயணச்சீட்டை உறுதி செய்த பிறகே தங்குமிடத்தைப் பதிவு செய்யுங்கள்.